தூண்டில் கேள்வி பதில்: பாஸ் இரைக்குக் கிராப்பி சிக்குமா?

கேள்வி: பாஸ் மீனுக்காக வாங்கிய தூண்டில் அமைப்புகளையும் மென்பிளாஸ்டிக் இரைகளையும் கொண்டே வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்ற சிறிய நன்னீர் மீனைப் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அளவைக் குறைக்க வேண்டும். 7 அங்குலப் பிளாஸ்டிக் புழுவை அப்படியே வீசினால் கிராப்பி வால் நுனியைக் கடித்துவிட்டு விலகக்கூடும் என்பதால், 2 அங்குல இரையையோ, நீண்ட புழுவிலிருந்து வெட்டிய வால் துண்டையோ சிறிய முள்ளில் கோக்கலாம். என் தேர்வு டிராப் ஷாட் அமைப்புதான்: ஈயக்குண்டு அடியில் கிடக்க, முள் அதற்கு மேலே நிற்பதால், தனக்கு மேலே தென்படும் இரையையே பெரிதும் நாடும் கிராப்பியின் கண்ணில் அது எளிதாகப் படும். முள்ளின் நுனியைப் பிளாஸ்டிக் புழுவுக்குள் மறைத்துக் கோக்கும் டெக்சஸ் ரிக் அமைப்பின் தடித்த முள் இதற்கு ஒவ்வாது. மீன் கவ்வியதும், பாஸுக்குச் செய்வதுபோல் வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெல்லிய வாய்ச்சவ்வு கிழிந்துவிடும். காகித வாய் என்ற பட்டப்பெயரே கிராப்பிக்கு உண்டு.