பன்னிரண்டு நிமிடம் யாருடைய அடுப்பில்?

சென்ற இதழில், நடுவில் சாக்லேட் உருகி வழியும் லாவா கேக் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காக அளவு மறுபடியும். நான்கு கிண்ணத்துக்கு டார்க் சாக்லேட் 120 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், முழு முட்டை 2, மஞ்சள் கரு மட்டும் 2, சர்க்கரை 50 கிராம், மைதா 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கி ஆறவிட வேண்டும். முட்டை, மஞ்சள் கரு, சர்க்கரை மூன்றையும் நுரைக்க அடித்து அதில் சேர்த்து, கடைசியில் மைதாவையும் உப்பையும் மெதுவாகக் கலக்க வேண்டும். பிறகு 200 டிகிரியில் 12 நிமிடம். அந்த 12 நிமிடம்தான் இந்த மாதம் எனக்கு இத்தனை கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

கேள்வி: அக்கா, மொபைலில் அலாரம் வைத்துச் சரியாக 12 நிமிடத்தில் எடுத்தேன். வெட்டிப் பார்த்தால் சாதாரண கேக். மறுநாள் 9 நிமிடத்தில் எடுத்தேன். தட்டில் கவிழ்த்ததும் கூழாக ஓடிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்? (வாசகி, தஞ்சாவூர்)

தப்பு உங்களுடையது இல்லை. 12 நிமிடம் என்பது என் அடுப்பின் கணக்கு. அதை நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

பொள்ளாச்சியில் என் வீட்டில் சனிக்கிழமை தோறும் பேக்கிங் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு வருடம் முன்பு பழைய ஓடிஜி (பேக்கிங் செய்யும் மின்சார அடுப்பு) பழுதாகி, புதிது வாங்கினேன். முதல் நாள் வகுப்பில் எட்டு கிண்ணம் வைத்தேன், எட்டிலும் நடு வேகவில்லை. அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது, குமிழ் 200-ல் நிற்க, உள்ளே 170 டிகிரிதான் இருந்தது. அப்புறம் கிண்ணம் வேறு இருக்கிறது. மெல்லிய எவர்சில்வர் சீக்கிரம் சூடேறும், தடித்த பீங்கான் நேரம் எடுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் அடுப்பு சூடாகவே கூடுதல் நேரம் பிடிக்கும்.

சாதாரண கேக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் பெரிதில்லை, மூன்று நிமிடம் கூடினாலும் கொஞ்சம் உலர்ந்து போகும், அவ்வளவுதான். இந்தக் கேக்கில் சூடு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரத்தில் முட்டை இறுகிச் சுவர் எழுந்திருக்க வேண்டும், நடுவில் இன்னும் இறுகியிருக்கக் கூடாது. அந்த இடைவெளி ஓரிரு நிமிடம்தான். உங்கள் அடுப்பில் அது 9-க்கும் 12-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அதனால் ஒரு கேக்கைச் சோதனைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். நான்கு கிண்ணமும் நிரப்புங்கள், ஒன்றை மட்டும் அடுப்பில் வையுங்கள். பத்தரை நிமிடத்தில் எடுத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, கவிழ்த்து வெட்டிப் பாருங்கள். சுவர் சரிந்தால் மற்ற மூன்றுக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடு இறுகியிருந்தால் ஒரு நிமிடம் குறையுங்கள். கிடைத்த எண்ணை எழுதி வைக்க மறக்காதீர்கள். என் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் 'சில்வர் 10, பீங்கான் 13' என்று இருக்கும். சென்ற இதழில் சொன்ன 12, நான் வழக்கமாக வைக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கு.

கேள்வி: எனக்கு வயது 62. பேத்திக்காகச் செய்து பார்க்க ஆசை. மணி பார்த்துச் சமைத்துப் பழக்கமில்லை. கண்ணால் பார்த்து எடுக்க முடியாதா? (வாசகி, காரைக்குடி)

முடியும் அம்மா. பாகுப் பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது கஷ்டமே இல்லை. பச்சை மாவு மேலே பளபளவென்று இருக்கும். வேக வேக அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வரும். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் ஈரமாகத் தெரியும்போது கிண்ணத்தை லேசாக அசையுங்கள். ஓரம் அசையாமல் நடு மட்டும் தளதளவென்று ஆடினால் எடுத்துவிடலாம். விரலால் தொட்டால் ஓரம் வெந்த இட்லி போல இருக்க வேண்டும்.

எடுத்த பிறகும் கிண்ணத்தின் சூட்டில் வெந்துகொண்டேதான் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஒட்டாமல் வர, முதலிலேயே உள்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவி, கோகோ பவுடர் தூவிவிடுங்கள். மைதா தூவினால் கறுப்புக் கேக்கில் வெள்ளைத் திட்டு தெரியும். பேத்தி சின்னக் குழந்தையாக இருந்தாலும், நீங்களும் சாப்பிடுவதாக இருந்தாலும் அடுத்த பதிலையும் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: என் மனைவி ஏழு மாத கர்ப்பிணி. லாவா கேக் வேண்டும் என்று கேட்கிறாள். நானே செய்து கொடுக்க நினைக்கிறேன். கொடுக்கலாமா? (வாசகர், ஓசூர்)

சென்ற இதழில் சொன்ன முறையில் செய்து கொடுக்காதீர்கள். அதில் வழியும் நடு, முழுக்க வேகாத முட்டை. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அதைக் கொல்ல 71 டிகிரி சூடு வேண்டும். நடு வழிகிற பதத்தில் அந்தச் சூடு வந்திருக்கும் என்று நம்ப முடியாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், உடம்பு பலவீனமாக இருப்பவர்கள் யாருக்கும் அது வேண்டாம்.

ஆனால் அவர் ஆசைப்பட்டதைக் கொடுக்க வேறு வழி இருக்கிறது. உண்மையில் இதுதான் மூத்த வழி. பிரான்ஸில் லாயோல் என்ற ஊரின் சமையல் கலைஞர் மிஷேல் ப்ராஸ், 1981-ல் உறைய வைத்த சாக்லேட் உருண்டையைக் கேக் மாவுக்குள் புதைத்து வேகவைத்தார். வெளியே கேக் வெந்தது, உள்ளே உருண்டை உருகியது. மாவையே அரைவேக்காட்டில் எடுக்கும் முறை, நியூயார்க்கில் ழான்-ஜார்ஜ் வோங்கரிக்டன் மூலமாக அதற்குப் பிறகு பிரபலமானது. எனக்கு ப்ராஸ் செய்த வழி மேல் மரியாதை அதிகம். அதில் கேக் முழுதாக வேகலாம், நடுவும் வழியும்.

80 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். 50 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். ஃப்ரிட்ஜில் இறுகியதும் நெல்லிக்காய் அளவில் ஐந்து உருண்டை பிடித்து, ஃப்ரீஸரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் அதே கேக் மாவு, மைதா மட்டும் 50 கிராம். ஐந்து கிண்ணத்தில் பாதி ஊற்றி, உருண்டையை வைத்து, மீதி மாவால் மூடுங்கள். 15 நிமிடத்தில் பார்க்கத் தொடங்கலாம். குச்சியை நட்டநடுவில் குத்தாமல், ஓரத்துக்கும் உருண்டைக்கும் இடையிலும் உருண்டைக்கு மேலேயும் குத்திப் பாருங்கள். இரண்டு இடத்திலும் பச்சை மாவு ஒட்டக் கூடாது. இங்கேயும் முதலில் ஒன்றை வேகவைத்து நீங்கள் வெட்டிப் பாருங்கள், அவருக்கு இரண்டாவதைக் கொடுங்கள். சர்க்கரை அளவைக் கவனிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டையே வேண்டாம் என்று எழுதியவர்களும் இந்த உருண்டையைத் தயிரும் சோடாவும் போட்டுச் செய்யும் முட்டையில்லாச் சாக்லேட் கேக் மாவுக்குள் வைக்கலாம், நன்றாகவே வரும்.

கேள்வி: அறையில் கேஸ் அடுப்பும் குக்கரும்தான் இருக்கின்றன. இட்லி மாதிரி ஆவியில் வைத்தால் வருமா அக்கா? (கல்லூரி மாணவர், மதுரை)

ஆவியில் வேண்டாம் தம்பி. ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது. ஓரம் இறுகுவதற்குள் நடுவும் மெல்லச் சூடாகிவிடும். ஓரம் வேகமாக வேக வேண்டும் என்பதற்குத்தான் 200 டிகிரி கேட்கிறோம்.

தண்ணீர் ஊற்றாத குக்கரில் செய்யலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுக் கிண்ணத்தை வை. சூடு கீழேயிருந்து வருவதால் அடி முதலில் இறுகும், மேல்பக்கம் கடைசிவரை ஈரமாகவே இருக்கும். அதனால் குக்கருக்கு, முந்தைய பதிலில் சொன்ன உருண்டை முறைதான் ஏற்றது. கேக் வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்த்து எடுக்கலாம்.

கேள்வி: கடையில் கிடைக்கும் சமையல் சாக்லேட் கட்டி போதுமா? (வாசகி, விருதுநகர்)

உறையின் பின்பக்கம் படியுங்கள். 'காம்பவுண்ட்' என்று இருந்தால் அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். கேக் வரும், ஆனால் நாக்கில் மெழுகு போல ஒரு படலம் நிற்கும். கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவிலேயே உருகிவிடும், அதாவது நம் வாய்ச் சூட்டுக்கே. இந்தக் கேக்கின் சுகம் முழுக்க அந்த நடுவில் இருப்பதால், இதற்கு மட்டும் நல்ல சாக்லேட் வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன். எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் காயை வெட்டிப் பார்த்தவர்களுக்குக் கோகோ வெண்ணெயை மாற்ற மனசு வராது.

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் கட்டிதட்டிவிடும். கரண்டி, பாத்திரம் இரண்டையும் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: காலையில் கலந்து வைத்து, சாயங்காலம் விருந்தாளிகள் வந்த பிறகு வேகவைக்கலாமா? (வாசகி, சேலம்)

தாராளமாக. கிண்ணங்களில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த மாவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அதனால் சோதனைக் கேக்கையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தே, அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு வேகவைத்துப் பாருங்கள். ஆறு பேர் வருகிறார்கள் என்றால் ஏழு கிண்ணம் நிரப்புங்கள்.