கல்லூரி வகுப்பில் குழுவாக வேலை கொடுத்தால் மாணவர்கள் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறார்களா, பீரியட் ஓடினால் சரி என்றுதானா?

நான் கொடுத்த முதல் குழு வேலையில் பீரியட் ஓடியது, அவ்வளவுதான். பொறியியல் முதலாமாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ரோல் நம்பர்படி ஆறாறு பேராகப் பிரித்து அசைன்மென்ட் கொடுத்தேன். ஒரு குழுவில் ஒரு பெண் முழுவதையும் எழுதினாள், ஒருவன் பிபிடி போட்டான், மற்ற நால்வரும் முதல் பக்கத்தில் பெயர் போட்டதோடு சரி. ஆறு பேருக்கும் ஒரே இன்டர்னல் மார்க். "அடுத்த தடவை நான் தனியாவே பண்ணிக்கட்டுமா மேம்?" என்று அந்தப் பெண் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்போது வகுப்பிலேயே, மார்க் இல்லாமல். லாரியும் ஆட்டோவும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? லாரி என்றால் ஒரு விரல், ஆட்டோ என்றால் இரண்டு, சமம் என்றால் மூன்று. ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும், பக்கத்து பெஞ்சைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. அறுபது பேரில் பாதிக்கு மேல் ஒற்றை விரல்! ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிளஸ் ஒன்னில் வரி பிசகாமல் ஒப்பித்த அதே பிள்ளைகள். வேறு விரல் காட்டியவரைத் தேடிப்பிடித்து மூன்று நிமிடம் சண்டை போடச் சொல்வேன்.

"ஆட்டோதான்டா அப்பளமா நொறுங்குது!"

"நொறுங்குறது வேற, விசை வேற. ஆட்டோவுக்கு நிறை கம்மி, அதனால முடுக்கம் அதிகம்."

மறுபடி விரல். இந்த முறை மூன்றுகள் கூடியிருக்கும். அதன் பிறகுதான் சாக்பீஸை எடுப்பேன்.

இது ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை. கடினமான கணக்குகளைப் போட்ட அவருடைய மாணவர்களும் இதுபோன்ற அடிப்படைக் கேள்விகளில்தான் தடுமாறினார்கள். முதல் சுற்றில் சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விவாதிக்க விடாதீர்கள், தப்புதான் பரவும், திரும்ப நடத்துங்கள். 70ஐத் தாண்டினால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

225 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வந்த ஒரு கட்டுரையில், விரிவுரை மட்டும் கேட்ட அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் ஃபெயில் ஆனவர்கள் சுமார் 34 சதவீதம். மாணவர்களையும் ஈடுபடுத்திய வகுப்புகளில் 22.

ஆனால் பிள்ளைகள் கைதட்டி வரவேற்பார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் என் ஃபீட்பேக்கில் "மேம் நடத்துறதே இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஹார்வர்டிலும் இதே கதை: 2019இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தாங்கள் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள், தேர்வில் அதிகம் எடுத்தார்கள். அதை இப்போது முதல் வாரமே வகுப்பில் காட்டிவிடுகிறேன், முனகல் குறைந்திருக்கிறது.

சிலபஸ்? ஐந்து யூனிட்டையும் இப்படி முடிக்க முடியாது. வாரம் இரண்டு கேள்வி, அவ்வளவுதான். டெரிவேஷன் எல்லாம் இன்னும் போர்டில்தான்.