12 அங்குல ஓஹியோ ஸ்டாரை 9 அங்குலமாகக் குறைப்பது எப்படி?

கேள்வி: க்வில்ட்டுக்கு (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு) 12 அங்குல ஓஹியோ ஸ்டார் என்ற நட்சத்திர ப்ளாக்கை, அதாவது சதுரத் துண்டை, 9 அங்குலமாக்க, வெட்டும் அளவுகள் எல்லாவற்றையும் முக்கால் பங்காகக் குறைத்தேன். 4½ அங்குலச் சதுரம் 3⅜ ஆனது. முக்கோணத்துக்கான 5¼ அங்குலச் சதுரத்தை முழு எண்ணாக 4 என்று வைத்துக்கொண்டேன். நான்கு ப்ளாக் தைத்தாயிற்று. மேல், கீழ் வரிசைகள் 9 அங்குலம் இருக்கின்றன, நடு வரிசை அதைவிடக் குட்டையாக இருக்கிறது, முனைகளும் சேரவில்லை. என் தையலில் தப்பா, கணக்கில் தப்பா? அடுத்து 10 அங்குலத்தில் ஒரு க்வில்ட் தைக்க வேண்டும், அதற்கு எப்படி அளவெடுப்பது?

பதில்: தையல் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் கணக்கின்படி வெட்டினால் மேல் வரிசை 9 அங்குலமும் நடு வரிசை 8⅞ அங்குலமும்தான் வரும். உண்மையில் இரண்டுமே 9½ வர வேண்டும், ஏனென்றால் க்வில்ட்டில் சேர்க்கும்போது ப்ளாக்கின் நான்கு பக்கமும் தையலுக்குள் கால் அங்குலம் போய்விடும்.

ப்ளாக் சிறிதானாலும் பெரிதானாலும், தையலுக்கு விடும் கால் அங்குலம் அப்படியே இருக்கும். நீங்கள் அதையும் சேர்த்துச் சுருக்கிவிட்டீர்கள். அதனால் முதலில் தையலுக்கு விட்டதைக் கழித்துவிட்டு, தைத்து முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவை மட்டும் குறையுங்கள். கடைசியில் தையலுக்கு உரியதைத் திரும்பக் கூட்டுங்கள்.

ஓஹியோ ஸ்டார் மூன்றுக்கு மூன்று கட்டம். நான்கு மூலையிலும் நடுவிலும் சதுரம், மீதி நான்கு கட்டங்களில் நான்கு முக்கோணங்கள் சேர்ந்த துண்டு. 12 அங்குலத்தில் ஒரு கட்டம் 4 அங்குலம், 9 அங்குலத்தில் 3. வெறும் சதுரத்துக்கு அரை அங்குலம் கூட்டி 3½ ஆக வெட்டுங்கள். மூலைவிட்டத்தில் இரண்டு முறை வெட்டி நான்கு முக்கோணம் எடுக்கும் சதுரத்துக்கு 1¼ கூட்ட வேண்டும், ஆக 4¼. இரண்டு நிறம் மட்டும் என்றால் ஒரு ப்ளாக்குக்கு நட்சத்திர நிறத்தில் இரண்டு, பின்னணி நிறத்தில் இரண்டு சதுரம் போதும்.

அந்த 1¼ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தப் ப்ளாக்கையும் நீங்களே மாற்றிவிடலாம். முக்கோணத்தைச் சுற்றிக் கால் அங்குலம் விட்டு ஒரு தாளில் வரைந்து பாருங்கள். 45 டிகிரி முனை சுமார் 0.6 அங்குலம் வெளியே நீளும், செங்கோண முனை கால் அங்குலம்தான் நகரும். நம் துண்டில் கட்டத்தின் பக்கமாக வருவது முக்கோணத்தின் நீண்ட பக்கம், அதன் இரு நுனியும் 45 டிகிரி. எனவே 1.2 அங்குலம், வசதிக்காக 1¼. ஒரே முறை குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணம் எடுக்கும் சதுரமாக இருந்தால் ஒரு முனை 45 டிகிரி, மற்றது செங்கோணம். 0.6-உடன் 0.25 சேர்ந்தால் 0.85, அதை ⅞ என்று எடுத்துக்கொள்கிறோம். ½, ⅞, 1¼ ஆகிய மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பழைய மாதிரிகளைப் பார்த்துத் தைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. 1928 முதல் 1961 வரை கேன்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் வெளியிட்டது போன்ற மாதிரிகளில் பொதுவாகத் தையலுக்கு விடாத அளவே இருக்கும், வெட்டுபவர்தான் துணியில் கால் அங்குலம் விட்டு வெட்டுவார். அப்படிப்பட்ட படத்தை ஜெராக்ஸில் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், கெடாது. 1979-ல் ஓல்ஃபா நிறுவனம் துணி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த மாதிரிகளில் பெரும்பாலும் தையலையும் சேர்த்த வெட்டும் அளவுதான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 அங்குலத்தை ஓஹியோ ஸ்டாரில் செய்ய வேண்டாம் என்பேன். 10-ஐ மூன்றால் வகுத்தால் 3⅓, ஸ்கேலில் அந்தக் கோடே கிடையாது. இந்த ப்ளாக்குக்கு 6, 7½, 9, 10½, 12 எல்லாம் ஒத்துவரும். 10-தான் வேண்டும் என்றால் நான்குக்கு நான்கு கட்டமான சாடூத் ஸ்டாருக்கு மாறுங்கள், கட்டம் 2½ வரும். அதுவும் எட்டு முனை நட்சத்திரம்தான், பார்வைக்கு நெருக்கமாகவே இருக்கும். ஓஹியோ ஸ்டாரை விட மனமில்லையா? 9 அங்குல ப்ளாக்கைச் சுற்றி 1¼ அங்குலப் பட்டி தைத்து, 10½ ஆக நறுக்கிவிடுங்கள்.

முக்கோணங்களைக் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு அளவுக்கு நறுக்குவதே என் விருப்பம். 4¼-க்குப் பதில் 4½ சதுரம் எடுங்கள். நான்கு முக்கோணமும் சேர்ந்ததும் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 1¾ இருக்கும்படி வைத்து 3½ ஆக நறுக்குங்கள். சிறிய ப்ளாக்கில் நூலளவு பிசகும் தெரியும் என்பதால் இந்த வேலை வீணாகாது. முக்கோணத்தின் குட்டைப் பக்கங்கள் கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக இருக்கும், பைப்பிங் துணி போல நீளும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்.

வெட்டத் தொடங்கும் முன் மெஷினையும் சோதித்துவிடுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டியைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டால் நடுப்பட்டி சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஓரத்துக்கு இழையளவு நெருக்கித் தையுங்கள், மடிப்பும் நூலும் கொஞ்சம் துணியைத் தின்றுவிடும்.

இன்னொன்று, துணி வாங்கும்போது கவனியுங்கள். 60-க்கு 72 அங்குல க்வில்ட்டுக்கு 12 அங்குல ப்ளாக் 30 போதும். 9 அங்குலத்தில் 63-க்கு 72 வர 56 வேண்டும். தையலுக்குள் போகும் துணியும் அதற்கேற்பக் கூடும்.

தைத்து வைத்த நான்கையும் தூக்கிப் போடாதீர்கள். வரிசைகளைப் பிரித்து, சதுரங்களை 3¼ ஆக நறுக்குங்கள், முக்கோணத் துண்டுகள் ஏற்கெனவே அந்த அளவில்தான் இருக்கும். திரும்பச் சேர்த்தால் ஒவ்வொரு ப்ளாக்கும் தைத்து முடிந்தபின் 8¼ அங்குலம், நான்கும் சேர்ந்து 16½ அங்குலச் சதுரம். 16 அங்குலக் குஷனுக்கு உறையாக அது சரியாக இருக்கும்.