ப்ராக்ஸி போட்டும் சிங்கப்பூர் ஐபி கசிகிறது: மறுமொழி

டாக்கர் கன்டெய்னரில் (ஆப்பைத் தனியே பிரித்து ஓட்டும் பெட்டி) ஓடும் ஆப்புக்கு ப்ராக்ஸி மாறி கொடுத்தும், அது விபிஎன் வழியே போகாமல் வீட்டு ஐபியில் (இணைய முகவரி) போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ப்ராக்ஸி மாறியை எடுத்துவிடுங்கள். கன்டெய்னர்களை அமைக்கும் கம்போஸ் கோப்பில் அந்த ஆப்பின் 'நெட்வொர்க் மோட்' வரியில் 'சர்வீஸ்', முக்காற்புள்ளி, அதே கோப்பில் விபிஎன் கன்டெய்னருக்குள்ள சர்வீஸ் பெயர் என எழுதுங்கள். இனி ஆப்புக்குத் தனி நெட்வொர்க் கிடையாது; விபிஎன் கன்டெய்னரின் நெட்வொர்க்கையே பயன்படுத்தும்.

கர்ல் (கட்டளை வரியில் இணைய முகவரிகளை அழைக்கும் கருவி) விபிஎன்னின் தோக்கியோ ஐபி காட்டுகிறது, ஆப் மட்டும் சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டு ஐபியில் போகிறது என்றீர்கள். எச்டிடிபி ப்ராக்ஸி மாறி வெறும் வேண்டுகோள்தான். கர்ல் அதை மதிக்கும். பல ஆப்கள் கண்டுகொள்ளாது. யுடிபி போக்குவரத்து (வீடியோ அழைப்பு போன்றவை பயன்படுத்தும் வகை) அந்த வழியே போகவே போகாது. நானும் இதில் ஒரு வார இறுதியைத் தொலைத்திருக்கிறேன்.

போர்ட்டுகளை (ஆப்பை வெளியிலிருந்து அணுகும் எண் வாசல்கள்) இனி விபிஎன் கன்டெய்னரில்தான் திறக்க வேண்டும். ஆப்பின் கீழே விட்டுவைத்தால் டாக்கர் பிழை காட்டும்.

சோதிக்க: விபிஎன் சாவியை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்து இரண்டு கன்டெய்னர்களையும் மறுபடி ஏற்றுங்கள். ஆப் கன்டெய்னருக்குள் கர்ல் தோற்க வேண்டும். வீட்டு ஐபி வந்தால் விபிஎன் கன்டெய்னரில், விபிஎன் இல்லாதபோது போக்குவரத்தை நிறுத்தும் ஃபயர்வால் தடுப்பு இல்லை என்று பொருள். அதைப் போடாமல் பயன்படுத்தாதீர்கள்.

விபிஎன் கன்டெய்னரைப் புதுப்பித்து மறுபடி உருவாக்கினால், ஆப்பையும் மறுபடி உருவாக்க வேண்டும். இல்லையென்றால் அது பழைய நெட்வொர்க்கையே பிடித்துக்கொண்டு இணைப்பின்றி நிற்கும்.