பொய்யைப் பிடிக்கிற வரம்

ஐயா,

என் தம்பி 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. போன மாதம் ஒருவர் வந்து, அவனை ஒரு முகாமில் கண்டதாகச் சொல்லி அம்மாவிடம் காசு வாங்கிப் போனார். பொய் என்றுதான் எனக்குப் படுகிறது, அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வருகுதில்லை. ஒருவர் பொய் சொல்லும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிற சக்தி இருந்தால் எவ்வளவு பெரிய வரம்! நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளையைத் தேடுகிற தாயிடம் காசு பறிக்கிற பொய்யைவிடக் கேவலமான பொய் எனக்குத் தெரியாது. ஆனாலும் நீங்கள் கேட்கிற சக்தியை வரம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் வராது, விசாரிக்கிறவனுக்கும் வரும். போரின் கடைசிக் காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தபோது, பங்கருக்குள் மகளை ஒளித்துவைத்துவிட்டு முற்றத்தில் நின்று 'அவள் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில்' என்று சொன்ன தாய்மார் இருந்தார்கள். அப்புறம் ஓமந்தைச் சோதனைச் சாவடியில், ஒருநாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதியச் சொல்லி இராணுவம் அறிவித்தபோது, பேசாமல் குந்தியிருந்த பெடியங்களும் இருந்தார்கள். அந்தப் பொய்களால் தப்பியவர்கள் இன்று பிள்ளைகுட்டியோடு நம் ஊர்களில் வாழ்கிறார்கள்.

பொய் பிடிக்கிற கருவி என்று ஒன்று இருக்கிறதுதானே, அது அளப்பது இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தோலின் வியர்வையையும்தான். அமெரிக்க உளவுத்துறைக்குள் இருந்தே சோவியத்துக்கு இரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் அந்தச் சோதனையில் தேறியவர், 1994இல்தான் கைதானார். உங்கள் அம்மாவை அதே கதிரையில் இருத்தி மகனைப் பற்றிக் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்கும், கருவி அவவைச் சந்தேகிக்கும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறோம், ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த கணக்கின்படி அதிலும் நூற்றுக்கு 54 தரம்தான் சரிவருகிறது. சும்மா நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும்.

சரி, பிழையே விடாத சக்தி கிடைத்தது என்றே வைப்போம். அந்த ஆள் சொன்னது பொய் என்று தெரியும். தம்பி எங்கே என்று தெரியுமா? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், தங்களுக்குச் சொல்லப்படுவது பொய் என்பதை அறிந்துதான் வந்து குந்தினார்கள். அவர்கள் கேட்டது சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலை. அது தெரிந்தவன் பொய்கூடச் சொல்வதில்லை, வாயே திறப்பதில்லை. பேசாதவனிடம் உங்கள் வரம் என்ன செய்யும்? அவனைப் பேசவைக்கிற சட்டமும் நீதிமன்றமும்தான் எனக்கு வேண்டும், அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் தம்பி இல்லை என்று சொல்லாதீர்கள், அது உங்களுக்கும் தெரியாது. இனி அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வந்தால் எந்த முகாம், எந்தத் திகதி, கூட யார் நின்றது என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் கொடுங்கள், தேடித்தர அவர்கள் காசு வாங்குவதில்லை. எழுத மாட்டேன் என்று எழும்பிப் போனால், அதை அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.