கேள்வி பதில்: கீரைப் பாத்தியில் மயில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அஞ்சு சென்ட்டில் கீரை, தக்காளி, கொஞ்சம் நிலக்கடலை போட்டிருக்கிறோம். விடிந்தால் ஆறேழு மயில்கள் வந்து பாத்தியைக் கிளறிவிடுகின்றன. பழைய சிடி கட்டினோம், சோளக்கொல்லைப் பொம்மை வைத்தோம். ஒரு வாரம் ஒதுங்கின. இப்போது பொம்மையின் காலடியிலேயே மேய்கின்றன. என்னதான் வழி?
- வாசகி, அழகர்கோவில்

பதில்: சிடி, பொம்மை, மினுக்கும் ரிப்பன் எதுவும் ஒரே இடத்தில் இருந்தால் மயில் சீக்கிரம் பழகிவிடும். விதை முளைக்கும் வாரத்தில் மட்டும் கட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் ஓரளவு பலன் உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மயில் வருகிற விதத்தைக் கவனியுங்கள். இரவில் உயரமான மரத்தில் அடையும், விடிந்ததும் இறங்கும். பெரும்பாலும் நேராகப் பாத்தியில் குதிக்காது. முதலில் காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்து, நாய் உண்டா ஆள் உண்டா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்கும். அந்த உட்காரும் இடத்தைக் கெடுப்பதுதான் முதல் வேலை. சுவர் மேல் எட்டடிக்கு ஒன்றாக ஓரடி உயரக் கம்பி நட்டு, அரையடியிலும் ஓரடியிலும் கனமான தூண்டில் நரம்பு இரண்டு வரிசை ஓட்டுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். கொஞ்சம் தொய்வாக இருந்தால்தான் கால் வைத்ததும் ஆடும், பிடிமானம் கிடைக்காது.

அடுத்தது பாத்தி. நாலடி அகலப் பாத்திக்கு, வயரிங் வேலைக்கு வாங்கும் முக்கால் அங்குல பிவிசி பைப்பை ஏழரை அடியாக வெட்டி, இரு முனையும் அரையடி மண்ணுக்குள் போகும்படி வில்லாக வளையுங்கள். மூன்றடிக்கு ஒரு வில். பன்னிரண்டடிப் பாத்திக்கு ஐந்து போதும். அதன் மேல் ஒரு அங்குலக் கண் நைலான் வலை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வலையைச் செடி மேலேயே போர்த்திவிடுவார்கள். மயில் வலைக்கு மேலிருந்தே அலகை நுழைத்து இலையைப் பிய்த்துவிடும். வலைக்கும் செடிக்கும் அரையடியாவது இடைவெளி வேண்டும். ஓரத்தை மண்ணில் புதைத்துச் செங்கல் வையுங்கள்; இல்லையென்றால் அடியில் தலையை விட்டுத் தூக்கிவிடும். மிச்ச வலையைத் தரையில் தொங்கவிடவும் கூடாது, சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். தினமும் காலையில் ஒரு சுற்றுப் பாருங்கள்.

தக்காளிக்கு வலைகூட வேண்டாம். செங்காயாக இருக்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். ருசி ஒன்றும் குறையாது. கோழித்தீவனம், நாய்ச்சோறு, கசியும் குழாய் இவையெல்லாம் மயிலுக்கு நாம் வைக்கும் பந்தி. முதலில் அவற்றை ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டில் முருகன் வாகனம் என்று அரிசி வீசினால், அவர்களிடமும் பக்குவமாகப் பேசத்தான் வேண்டும்.

குருணை மருந்து கலந்த தானியம், கரண்ட் வேலி என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கரண்ட் வேலியில் மயிலுக்கு முன்னால் மனிதரே மாட்டலாம்.

கேள்வி: ஆண்மயில் ஒன்று தினமும் வந்து கார் கதவைக் கொத்திக் கீறுகிறது. ஏன்?
- வாசகர், மேலூர்

பதில்: பளபளப்பில் தெரியும் தன் பிம்பத்தை எதிரி மயில் என்று நினைக்கிறது. தோகை நீண்டிருக்கும் இனப்பெருக்கக் காலத்தில்தான் இந்தச் சண்டை. காருக்கு உறை போடுங்கள். ஜன்னல் கண்ணாடி என்றால் வெளிப்பக்கம் சாக்கோ பழைய சேலையோ கட்டுங்கள். பிம்பம் மறைந்தால் சண்டையும் நிற்கும்.

கேள்வி: வேலியோரப் புதரில் மயில் முட்டை ஐந்து கிடக்கிறது. எடுத்துக் கோழிக்கு அடை வைக்கலாமா?
- வாசகர், வாடிப்பட்டி

பதில்: கூடாது. முட்டையை எடுப்பதும் குற்றம்தான். அடை ஏறக்குறைய 28 நாள். அதுவரை அந்தப் பக்கம் புல் அறுக்காதீர்கள், நாயைக் கட்டி வையுங்கள். பொரித்த குஞ்சுகள் சீக்கிரமே தாயின் பின்னால் நடந்து போய்விடும். தாய் வராமலே போனால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.