பத்தாம் புத்தகத்தைத் தாண்டிப் போகலாமா?

ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ மாயாஜால நாவல் தொடரில் பத்தாவது புத்தகத்தின் பாதியில் நிற்கிறேன், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. 2003-இல் அந்தப் பத்தாவது புத்தகம், ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’, வந்தபோது, இரண்டு வருடத்துக்கும் மேல் காத்திருந்தவர்களே நொந்துபோனார்கள். ஒன்பதாவதின் உச்சக்கட்டம் நடந்த அதே நாட்களுக்குக் கதை திரும்பிப் போகிறது. ஆளாளுக்கு எங்கோ தூரத்தில் நின்று அதை உணர்கிறார்கள். கதாநாயகன் ராண்ட் எட்டிப் பார்ப்பதோடு சரி.

எலெய்ன் என்ற பாத்திரம் வரும் பகுதிகளை மேலோட்டமாகப் புரட்டுங்கள், குளியலும் தேநீரும்தான் நிறைய. (எனக்கு மேட், டுவான் இருவரும் வரும் பகுதிகள் பிடிக்கும்.) ஆனால் பெரின் தன் கோடரியை என்ன செய்கிறான் என்ற இடத்தையும், எக்வீன் வரும் கடைசிப் பக்கங்களையும் விடாதீர்கள். அப்புறம் 2005-இல் வந்த பதினொன்றாவது, ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’, ஒரே ஓட்டம்தான்.